சிட்டுக்குருவி குஞ்சு வளர்க்கும் நாட்களில்

கூட்டுப்பெட்டியின் துளை 32 மி.மீ. இருந்தால் போதும். அதைவிடப் பெரிதானால் மைனா உள்ளே நுழைந்துவிடும். துளைக்குக் கீழே குச்சி வைக்காதீர்கள். குருவிக்கு அது தேவையில்லை. காகமும் அணிலும்தான் அதில் உட்கார்ந்து கூட்டுக்குள் எட்டும். மேற்கு வெயில் படாத சுவரில், 8 முதல் 10 அடி உயரத்தில் மாட்டுங்கள். பக்கத்தில் மின்விசிறி இருக்கவே கூடாது.

முட்டை பொரிய இரண்டு வாரம் வரை ஆகும். குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். முதல் சில நாட்களுக்குக் குஞ்சின் உணவு பெரும்பாலும் பூச்சியும் புழுவும்தான். தானியம் தாராளமாக இருந்தும் குஞ்சு சாவதற்கு ஒரு முக்கியக் காரணம் பூச்சிமருந்து தெளித்த தோட்டம்! அவரைக்கொடியில் அசுவினிப் பூச்சி அப்பினால் இந்த ஒரு மாதம் விட்டுவிடுங்கள், தாய்ப்பறவை பொறுக்கிக்கொள்ளும்.

வளர்ந்த குருவிகளுக்குக் கம்பு, தினை, நொய் தினம் ஒரு கைப்பிடி. உப்புப் போட்ட சோறு, மிக்சர், பிரெட் வேண்டாம். தானியத் தட்டு கூட்டிலிருந்து 15 அடியாவது தள்ளி இருக்கட்டும். சிந்தியதைத் தேடி வரும் காகம் கூட்டையும் கண்டுகொள்ளும். தண்ணீருக்கு ஓர் அங்குல ஆழ மண்தட்டு, நடுவில் ஒரு கல். தினமும் தேய்த்துக் கழுவுங்கள்.

இறகு முளைக்காத குஞ்சு விழுந்தால் எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். மனித வாடைக்காகத் தாய் ஒதுக்காது. இறகு முளைத்துத் தத்தித் திரிந்தால் அது பறக்கப் பழகுகிறது. பூனையை மட்டும் விரட்டுங்கள்.