வட நோர்வேயில் முதல் குளிர்காலம்: ஸ்காப்மாவைத் தெரிந்துகொள்ளுங்கள்

ட்ரொம்சோவுக்கோ பின்மார்க் பக்கமோ புதிதாக வந்தவர்கள் நவம்பர் பிறந்ததும் 'மொர்க்கெதீத்' என்ற சொல்லைக் கேட்பீர்கள். நோர்வேஜியர் இருட்டுக் காலத்துக்கு வைத்த பெயர் அது. கேட்டவுடனே பலருக்கு மனம் சோர்ந்துவிடுகிறது. அதனால் இந்த மண்ணின் பழங்குடிகளான சாமி மக்கள் சொல்வதையும் கேளுங்கள். வடசாமி மொழியில் இக்காலத்தின் பெயர் ஸ்காப்மா.

இதன் வேர் சாமி மொழியில் இல்லை. பழைய ஸ்கந்திநேவிய மொழியில் 'குறுகிய' என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து சாமியர் இதை எடுத்துக்கொண்டார்கள். பகல் சுருங்கிய மாதங்களை ஐஸ்லாந்துக்காரர் இன்றும் 'ஸ்கம்தேயி' என்பது அதே வேரில்தான். பிறகு சாமியரிடமிருந்து பின்லாந்துக்காரர் வாங்கி 'காமொஸ்' ஆக்கிக்கொண்டார்கள். சாமி நாட்காட்டியில் நவம்பர் மாதமே ஸ்காப்மமான்னு, ஸ்காப்மா மாதம்.

இருட்டு என்பதைவிடக் குறுக்கம் என்பதே இங்குள்ள நடப்புக்குப் பொருந்துகிறது என்பேன். ட்ரொம்சோவில் நவம்பர் 27 வாக்கில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதி வரை தொடுவானத்துக்கு மேலே வராது. இன்னும் வடக்கே பின்மார்க்கில் உள்ள ஹம்மர்பெஸ்ட் ஊரில் ஏறத்தாழ இரண்டு மாதம். ஆனாலும் நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீலம் கலந்த வெளிச்சம் இருக்கும். அந்தப் பொழுதில் கட்டாயம் வெளியே போங்கள். வேலை இடைவேளையில் நடக்கலாம், பிள்ளைகளைச் சறுக்க விடலாம். வீட்டுக்குள்ளேயே இருந்தால் தூக்கம் குழம்பும். வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நம் நிறத் தோலுக்கு அது குறையும் வாய்ப்பு அதிகம். மேலங்கியில் ஒளிதெறிக்கும் பட்டி, சப்பாத்தில் மாட்டும் 'புரொடர்' என்ற இரும்பு முள், இரண்டையும் முதல் சம்பளத்திலேயே வாங்குங்கள். 1980களிலிருந்து பின்மார்க்கின் மீன் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த ஈழத்தமிழர் பலர் இந்தக் காலத்தைக் கடந்தவர்கள். யாராவது அருகில் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

ஜனவரி 21 ட்ரொம்சோவில் சூரிய நாள், சூரியன் திரும்பி வந்ததைக் கொண்டாடும் நாள். அன்று 'சூல்பொல்லெர்' என்ற இனிப்புப் பணியாரத்தை ஊரே வாங்கிச் சாப்பிடும். ஏப்ரலின் சாமிப் பெயர் சுவொங்ஙொமான்னு. பகலில் இளகி இரவில் இறுகி ஆளைத் தாங்கும் பனிமேலோட்டின் மாதம் அது. அப்போது காலையிலேயே நடக்கப் போங்கள், மதியமானால் கால் புதையும்.