பனியில் ஃபோர் வீல் டிரைவ்: கிளம்புவது வேறு, நிற்பது வேறு

பனி கொட்டும் நாட்டுக்குப் புதிதாக வந்தவர் முதல் குளிர்காலத்துக்கு முன்னால் கார் தேடும்போது யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ஃபோர் வீல் டிரைவ் எடுத்துடுங்க, பனியைப் பத்தி அப்புறம் கவலையே வேண்டாம்." எனக்கும் சொன்னார்கள், நானும் வாங்கினேன். முதல் பனி கொட்டிய காலையில் பக்கத்து வீட்டுக் கார் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு அதே இடத்தில் நிற்க, என் வண்டி எந்தத் திணறலும் இல்லாமல் கிளம்பியது, எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து ஒரு சிவப்பு விளக்கு. மழையில் எவ்வளவு தூரத்தில் பிரேக் மிதிப்பேனோ அதே தூரத்தில் மிதித்தேன். பாதத்துக்கு அடியில் பெடல் கடகடவென்று அதிர்ந்தது, வண்டி நிற்கவில்லை, முன்னால் நின்ற காரின் பின்விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த பனிக்குவியலுக்குள் வண்டியைத் திருப்பி ஏற்றியதால் யாருக்கும் அடிபடவில்லை. பின் சீட்டில் என் மகள் இருந்தாள். அந்த நாளுக்கு முன்பு யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான்கு சக்கர இழுவை, அதாவது ஃபோர் வீல் டிரைவ், செய்வது ஒரே ஒரு வேலை. எஞ்சினின் சக்தியை நான்கு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறது, அதனால் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது இழுத்துக் கொடுக்கும். கிளம்புவதற்கும் மேடு ஏறுவதற்கும் ரோட்டோரம் ஒதுக்கிக் குவித்த பனிக்குள்ளிருந்து வெளியே வருவதற்கும் இது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் பிரேக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எந்தக் காரிலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது, நிற்க வைப்பது டயருக்கும் தரைக்கும் நடுவே உள்ள பிடி மட்டும்தான். முன்சக்கர இழுவை வண்டியில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலே சக்கரம் சுற்றும், "ரோடு வழுக்குது" என்று வண்டியே உங்களுக்குச் சொல்லிவிடும். ஃபோர் வீலில் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் வராது, நன்றாகப் போகிறதே என்று நினைத்து வேகம் ஏறிவிடும். அதனால் நான் தினமும் ஒன்று செய்கிறேன்: தெருவை விட்டு வெளியேறும் முன், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 20 கி.மீ. வேகத்தில் பிரேக்கை ஒரு தடவை நன்றாக அழுத்திப் பார்ப்பேன். அன்றைக்கு ரோடு எப்படி என்று அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

சரி, டயருக்கு வருவோம், ஏனென்றால் கையில் உள்ள பணத்தை எதில் போடுவது என்று கேட்டால் நான் டயரில்தான் போடச் சொல்வேன். நல்ல குளிர்கால டயர் போட்ட சாதாரண முன்சக்கர இழுவைக் கார், கோடைக்கால டயரோடு வரும் ஃபோர் வீல் எஸ்யூவியை விட முன்னதாக நிற்கும். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது, இறுகிய ரப்பர் தரையைப் பிடிக்காது. குளிர்கால டயரின் ரப்பர் கடும் குளிரிலும் மெத்தென்று இருக்கும்படி செய்யப்பட்டது, அதன் மேல் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும், அவைதான் பனியைக் கவ்விப் பிடிப்பவை. வாங்கும்போது டயரின் பக்கவாட்டைப் பாருங்கள்: மூன்று முகடுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் படம் இருக்க வேண்டும், அது பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் தரப்படும். வெறும் எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்து போதாது, அது பள்ளங்களின் வடிவத்தை வைத்துப் போடப்படுவது, பனியில் சோதித்ததற்கான அடையாளம் அல்ல. நான்கு சக்கரத்துக்கும் போடுங்கள். இரண்டு மட்டும் போட்டு மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு, பிடி இல்லாத அந்த இரண்டு சக்கரம் வளைவில் வண்டியைச் சுழற்றிவிடும். ஃபோர் வீல் வண்டிக்கு இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது: ஒரு டயர் புதிது, இன்னொன்று தேய்ந்தது என்று சுற்றளவு மாறிப்போனால், முன்னையும் பின்னையும் இணைக்கும் பாகங்கள் ஓயாமல் அழுந்தி வீணாகிவிடும், அந்த ரிப்பேர் டயரை விடப் பல மடங்கு செலவு வைக்கும்.

பள்ளத்தின் ஆழம் 4 மி.மீட்டருக்குக் கீழே போய்விட்டால் சட்டப்படி ஓட்டலாம் என்றாலும் பனிக்கு அந்த டயரை நான் நம்ப மாட்டேன். காற்றையும் பாருங்கள், வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும், இலையுதிர் காலத்தில் அடித்த காற்று ஜனவரியில் போதாது. சட்டம் இடத்துக்கு இடம் மாறும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் போட்டிருந்தால் காப்பீட்டில் தள்ளுபடி உண்டு, நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். ஜெர்மனியில் தேதிக் கணக்கு கிடையாது, சாலையில் பனியோ ஐஸோ இருந்தால் ஏற்ற டயர் இருந்தாக வேண்டும், அதுவும் 2024 அக்டோபரிலிருந்து அந்த மலைச் சின்னம் உள்ளதுதான் செல்லும்.

உங்கள் வண்டி எந்த வகை என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆல் வீல் டிரைவ் என்று விற்கப்படும் பெரும்பாலான கார்களில் எல்லாம் தானாகவே நடக்கும், நீங்கள் தொட வேண்டியது ஒன்றும் இல்லை. பிக்கப், ஜீப் வகைகளில் பலவற்றில் நாமே மாற்றும் சுவிட்ச் அல்லது நெம்புகோல் இருக்கும். அதில் ஃபோர் ஹை என்பது பனி மூடிய ரோட்டுக்கு. பனி விலகி வெறும் தார் தெரிந்ததும் டூ வீலுக்கு மாற்றிவிடுங்கள்: திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை விட அதிக தூரம் ஓடியாக வேண்டும், இரண்டும் பூட்டிக் கிடந்தால் பனியில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும், தாரில் வழுக்க முடியாமல் வண்டி விம்மிக்கொண்டு இழுக்கும், நாளடைவில் உள்ளே உடையும். ஃபோர் லோ ஆழமான பனியில் சிக்கி மெதுவாக வெளியே வருவதற்கும் செங்குத்தான இறக்கத்துக்கும் மட்டும், பெரும்பாலான வண்டிகளில் நிறுத்தி நியூட்ரலில் வைத்துத்தான் அதற்கு மாற வேண்டும்.

ஓட்டும்போது கையும் காலும் மெதுவாக. பிரேக், ஸ்டியரிங், ஆக்சிலரேட்டர் மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் டயரிடம் அவ்வளவு பிடி கிடையாது, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் கேளுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கையும் தொடாமல் ஆக்சிலரேட்டரையும் ஏற்றாமல் திரும்புங்கள். திருப்பியும் வண்டி நேராகவே போனால் இன்னும் திருப்பக் கூடாது (நமக்கு அப்படித்தான் தோன்றும்), ஆக்சிலரேட்டரை விட்டு, திருப்பியதைக் கொஞ்சம் தளர்த்தினால் முன் டயர் மறுபடி பிடிக்கும். பின்பக்கம் அலைந்தால் போக வேண்டிய இடத்தைப் பார்த்து அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைக் கொண்டுபோங்கள், கண்ணை மோதப்போகும் கம்பத்தில் வைக்காதீர்கள். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அவசரத்துக்குப் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது, அழுத்தி அப்படியே பிடித்திருக்க வேண்டும். அந்தக் கடகட சத்தம் கேட்டு நான் முதல் நாள் பயந்து காலை எடுக்கப் பார்த்தேன், எடுத்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்குங்கள், நீங்கள் அங்கே வர எட்டு முதல் பத்து நொடி ஆக வேண்டும். யாராவது அந்த இடைவெளியில் வந்து நுழைவார்கள், நுழையட்டும், மறுபடி பின்வாங்கிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் மட்டும் ஃபோர் வீலுக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது: சிறிய கியரில் போட்டால் எஞ்சினின் தடை நான்கு சக்கரத்துக்கும் பங்காகிறது, பிரேக்கை அதிகம் தொடாமலே இறங்கலாம். வேகத்தைத் தானாகப் பிடித்துவைக்கும் குரூஸ் கண்ட்ரோல் வேண்டவே வேண்டாம். அனுமதி கிடைக்கும் காலி வாகன நிறுத்தம் ஒன்றில், அனுபவமுள்ளவர் ஒருவரோடு, ஒரு மணி நேரம் வேண்டுமென்றே சறுக்கிப் பழகுங்கள், படித்துத் தெரிந்துகொள்வதை விட உடம்புக்குத் தெரிவது நல்லது.

கொட்டிக் கிடக்கும் பனி கண்ணுக்குத் தெரியும். பிளாக் ஐஸ், அதாவது ரோட்டின் நிறமே தெரியும்படி படிந்த மெல்லிய ஐஸ், தெரியாது, அதுதான் எனக்கு இன்றைக்கும் பயம். மைனஸ் 20 டிகிரியில் ஐஸ் ஓரளவு காய்ந்து பிடி கொடுக்கும், பூஜ்ஜியத்தை ஒட்டிய நாட்களில்தான் ஐஸ் மேல் மெல்லிய நீர்ப்படலம் நின்று மிக மோசமாக வழுக்கும். பாலங்கள் முதலில் உறையும், கீழேயும் மேலேயும் காற்று படுவதால். ரோடு ஈரமாக மினுங்குகிறது, ஆனால் முன்னால் போகும் வண்டியின் டயர் தண்ணீரைத் தெறிக்கவில்லை என்றால் அது ஈரமில்லை, ஐஸ். உப்பு போட்டிருக்கிறார்களே என்று இருந்துவிடாதீர்கள், மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது.

கிளம்பும் முன் கூரைப் பனியையும் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் பிரேக் போட்டதும் மொத்தமும் சரிந்து முன் கண்ணாடியை மூடும், அல்லது பறந்து பின்னால் வருபவர் மேல் விழும். விளக்குகள், கேமரா, சென்சார் எல்லாம் துடைக்க வேண்டும், எல்ஈடி விளக்கின் முகப்பு அதிகம் சூடாகாததால் அதன் மேல் விழுந்த பனி தானாக உருகாது. கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். கண்ணாடி கழுவும் திரவம் குளிர்காலத்துக்கானதா என்று பாருங்கள். உள்ளே ஆவி படிந்தால் உள்காற்றுச் சுழற்சியை நிறுத்திவிட்டு ஏசியோடு சூட்டைக் கண்ணாடிக்கு விடுங்கள். பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு ஏறுங்கள், பெடலில் கால் வழுக்கும்.

வண்டியில் பனி அள்ளும் சிறிய ஷவல், ஒரு பை மணல், போர்வை, டார்ச், ஜம்பர் கேபிள், பாதி டேங்க் பெட்ரோல், இவ்வளவும் எப்போதும் இருக்கட்டும். சிக்கினால் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்துக் குழி தோண்டாதீர்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் பனியை அள்ளி, மணலைத் தூவி, ஸ்டியரிங்கை நேராக்கி, சக்கரம் வழுக்கினால் எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும் டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்து, மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் உதவிக்கு அழைத்துவிட்டு வண்டிக்குள்ளேயே இருங்கள், பனிப்புயலில் இறங்கி நடக்கக் கூடாது. ஆனால் சூட்டுக்காக எஞ்சினைப் போடும் முன் பின்னால் போய்ப் புகைக் குழாயைப் பாருங்கள். அதைப் பனி அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும், அதற்கு வாசனை கிடையாது, தலைவலி, மயக்கம், தூக்கம் வருவது போல இருக்கலாம். குழாயைச் சுற்றிக் கையால் தோண்டி விடுங்கள், ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட விடுங்கள், காற்று வராத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். பனி தொடர்ந்து கொட்டினால் அடுத்த முறை எஞ்சினைப் போடும் முன்னும் இறங்கிப் போய் அந்தக் குழாயைப் பாருங்கள்.