வடசென்னை வெக்கையில் நல்ல ஹெட்போனை நிம்மதியாகக் கேட்பது எப்படி

20,000 ரூபாயோ 50,000 ரூபாயோ கொடுத்து ஹெட்போன் வாங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது, இதற்கு எந்த ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) வாங்கலாம், எந்தக் கேபிள் மாற்றலாம் என்பதுதான். அதெல்லாம் அப்புறம். முதலில் அது உங்கள் தலையில் ஒரு மணி நேரம் உறுத்தாமல் உட்காருகிறதா என்று பாருங்கள், உட்காரவில்லை என்றால் அதன் மேல் போடுகிற ஒவ்வொரு ரூபாயும் வீண். மே மாதம் தண்டையார்பேட்டையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில், ஜன்னலைத் திறந்தால் லாரி சத்தம், மூடினால் புழுக்கம் என்று உட்கார்ந்து கேட்கிறவருக்கு, குளிரூட்டிய அமைதியான அறையில் உட்கார்ந்து எழுதிய விமர்சனம் பாதிதான் பொருந்தும். மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னும் வாங்கவில்லை என்றால் ஓப்பன் பேக்கா (வெளிப்புறம் திறந்தது) க்ளோஸ்டு பேக்கா (மூடியது) என்பதை விலைக்கு முன்னால் முடிவு செய்யுங்கள். ஓப்பன் பேக்கில் வெளிப்புறம் ஜல்லடை மாதிரி திறந்திருக்கும், காற்று போய் வரும், காது அவ்வளவாக வேகாது, பாட்டும் தலைக்குள் அடைபடாமல் கொஞ்சம் வெளியே விரிந்து கேட்கும். ஆனால் வெளிச் சத்தம் அப்படியே உள்ளே வரும், உங்கள் பாட்டும் வெளியே போகும். ஒரே அறையில் குழந்தைகள் தூங்கும் வீடு என்றால் அதையும் யோசிக்க வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி வீடு இருந்தால், அந்த உறுமல் பாட்டின் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, விழுங்கிவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ மாதிரி க்ளோஸ்டு பேக், அதுவும் வெல்வெட் போன்ற துணிக் குஷன் உள்ளது, நல்ல சமரசம். உள் சந்தில் வீடு, இரவு பத்து மணிக்கு மேல்தான் கேட்பேன் என்றால் யோசிக்காமல் ஓப்பன் பேக் எடுங்கள். சென்ஹைசர் ஹெச்டி 600 வந்தது 1997-ல், இன்னும் அதை வைத்துத்தான் மற்றதை ஒப்பிடுகிறார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது.

எடை. ஹெச்டி 600 ஏறக்குறைய 260 கிராம், ஹைஃபைமேன் சுந்தரா 370 கிராம் பக்கம், ஆடிஸி எல்சிடி-எக்ஸ் 600 கிராமுக்கு மேல். ஆடிஸியின் ஒலி அருமைதான், மறுக்கவில்லை, ஆனால் கழுத்து வலி உள்ளவர்கள் கடையில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்து மயங்கிவிட வேண்டாம், அரை மணி நேரமாவது தலையில் வைத்திருந்து பார்க்கக் கேளுங்கள்.

எடையை விட அதிகம் தொல்லை தருவது இறுக்கம். புதிய ஹெச்டி 600, ஹெச்டி 650 இரண்டுமே தாடையைக் கவ்விப் பிடிக்கும். இதற்கு நிதானமான வழி, ஹெட்போன் வந்த பெட்டியையோ அடுக்கி வைத்த புத்தகங்களையோ உங்கள் தலை அகலத்தை விடக் கொஞ்சமே கூடுதலாக வைத்து, அதன் மேல் ஹெட்போனை ஒரு இரவு மாட்டி வைப்பது. காலையில் போட்டுப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொரு இரவு. ஹெச்டி 600 வகையில் இரண்டு பக்கமும் தலைப் பட்டையை முழுக்க நீட்டினால் உள்ளே இருக்கும் இரும்புத் தகடு வெளியே தெரியும், அந்தத் தகட்டை மட்டும் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக நிமிர்த்தலாம். பிளாஸ்டிக் பாகத்தில் கை வைக்கக் கூடாது, உடைந்துவிடும். ரொம்பவும் தளர்த்திவிடாதீர்கள், இறுக்கம் போனால் குஷன் தோலோடு ஒட்டாது, பேஸ் கசியும், தலையை ஆட்டினாலே நழுவும்.

உச்சந்தலையில் ஒரே இடத்தில் வலித்தால் பட்டையின் உயரத்தை ஒரு படி கூட்டியோ குறைத்தோ பாருங்கள். பாரம் கொஞ்சம் தலைக்கும் கொஞ்சம் கன்னப் பக்கத்துக்கும் பிரிய வேண்டும். காது மடலின் நுனி உள்ளே இருக்கும் துணியில் உரசி வலித்தால், குஷன் அமுங்கிப் போயிருக்கிறது அல்லது உங்கள் காதுக்கு அதன் ஆழம் போதவில்லை. ஆடிஸியிலும் ஹைஃபைமேனின் பல மாடல்களிலும் குஷன் ஒரு பக்கம் தடிமனாக இருக்கும். தடித்த பக்கம் காதுக்குப் பின்னால் வர வேண்டும், மாற்றிப் போட்டால் உட்காரவும் உட்காராது, கேட்கவும் நன்றாக இருக்காது.

இப்போது குஷன். நம் ஊர் ஈரக் காற்றில் முதலில் சாவது இதுதான். ரெக்சின் மாதிரி இருக்கும் செயற்கைத் தோல் பெரும்பாலும் பாலியூரிதேன். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது தானாகவே சிதைந்து செதில் செதிலாக உரியும், வியர்வையும் தேங்காய் எண்ணெயும் பட்டால் இன்னும் சீக்கிரம். தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கத்தை விட வேண்டாம், குளித்துத் தலை காய்ந்த பிறகு ஹெட்போனை எடுங்கள், அவ்வளவுதான். அவசரம் என்றால் பழைய பருத்தித் துண்டைக் கிழித்து பட்டையின் மேல் சுற்றிக்கொள்ளலாம். பட்டையில் சுற்றினால் ஒலி மாறாது, குஷன் மேல் போட்டால் மாறும். துணிக் குஷன் கழற்றக்கூடியதாக இருந்தால் அதைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பூ விட்டு, பிழியாமல் அமுக்கி அலசி, நிழலில் முழுக்கக் காய வைத்து மாட்டுங்கள். தோல் குஷனை ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். கேட்டு முடித்ததும் வியர்வையோடு பெட்டியில் போட்டு மூடுவது தவறு, பத்து நிமிடம் மின்விசிறிக் காற்றில் வைத்துவிட்டு மூடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு கிடக்கட்டும். காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்று பிளக்கின் உலோகத்தை மங்கடிக்கும். கரகரவென்று சத்தம் வந்தாலோ ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்டாலோ, ஹெட்போன் போய்விட்டது என்று பயப்படாமல் ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் தொட்ட துணியால் பிளக்கைத் துடையுங்கள்.

கண்ணாடி போடுகிறவர்கள் இந்தப் பத்தியை விடாதீர்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் புது சுந்தராவோடு வந்தான். "அண்ணே, எல்லாரும் ஆகா ஓகோன்னு எழுதியிருக்காங்க, எனக்கு பேஸே வரலைண்ணே" என்றான். தடித்த பிளாஸ்டிக் ஃபிரேம். கம்பி குஷனைத் தூக்கி, காதுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டிருந்தது. "கண்ணாடியைக் கழட்டிட்டு அதே பாட்டைப் போடுடா" என்றேன். மிருதங்கத்தின் தொப்பி விழுந்ததும் அவன் முகமே மாறிவிட்டது. சுந்தரா, ஆடிஸி மாதிரி தட்டையான மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலி எழுப்பும் பிளேனார் வகை ஹெட்போன்களிலும் க்ளோஸ்டு பேக்கிலும் இந்த இடைவெளி அடி பேஸை அள்ளிக்கொண்டு போய்விடும். மெல்லிய உலோகக் கம்பி உள்ள கண்ணாடியை ஹெட்போனுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கேட்கும்போது கம்பியைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிடுங்கள். ஜிமிக்கி, பெரிய கம்மல், காதோரம் சேர்ந்த கூந்தல் எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். சோதிக்க, 40 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை இணையத்திலிருந்து எடுத்து மெதுவாக ஓட விட்டு, இரண்டு கையாலும் கிண்ணங்களை லேசாக அழுத்துங்கள். அழுத்தியதும் சத்தம் சட்டென்று கூடினால் எங்கோ கசிகிறது.

அறைக்கு வருவோம். தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியின் சத்தத்தைக் காது பழகிவிட்டிருக்கும், ஆனால் அது பாட்டின் நுணுக்கமான ஒலிகளை மூடிக்கொண்டேதான் இருக்கும். நாம் தெரியாமலே சத்தத்தைக் கூட்டுவோம். விசிறியை ஒரு எண் குறைத்து, டேபிள் ஃபேன் இருந்தால் காற்று முகத்துக்கும் மார்புக்கும் வரும்படி தள்ளி வையுங்கள், பக்கவாட்டில் வைத்தால் ஓப்பன் பேக்கில் காற்று மோதும் சத்தமே கேட்கும். ஆடி மாதம் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் நாட்களில் தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும்போது அதோடு போட்டி போட்டுக் கேட்காதீர்கள், அன்றைக்குத் தெருப் பாட்டையே கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபெல் என்றால் வெறும் 4 மணி நேரம். காதில் போனது திரும்பி வராது, இதில் எனக்கு எந்த சமரசமும் கிடையாது. ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் பாட்டை வழக்கத்தை விடக் குறைந்த சத்தத்தில் போட்டு, முடியும் வரை பட்டனைத் தொடாதீர்கள். இரண்டாவது பாட்டில் அந்தச் சத்தமே போதும் என்று தோன்றிவிடும்.

ஆம்ப் பற்றிச் சுருக்கமாக. ஹெச்டி 600 மாதிரி 300 ஓம் (மின் எதிர்ப்பின் அளவு) ஹெட்போனுக்கு வோல்டேஜ் வேண்டும், பிளேனாருக்குக் கரன்ட் வேண்டும். குறைந்த சத்தத்தில் கேட்பவருக்கு போனிலோ லேப்டாப்பிலோ செருகும் சின்ன யுஎஸ்பி டாங்கிள், நல்லதாக ஒன்று, பெரும்பாலும் போதும், ஒலியளவை முழுக்க ஏற்றியும் போதவில்லை என்றால் மட்டும் தனி ஆம்ப் பாருங்கள். கேபிள் மாற்றினால் ஒலி மாறும் என்பதை நான் நம்பவில்லை. கேபிள் மெல்லியதாக, எடை இல்லாமல், சட்டையில் உரசினால் சத்தம் வராமல் இருந்தால் போதும். மேசை ஆம்ப்பில் 'ஊம்' என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் ஹெட்போனில் இல்லை, வீட்டு எர்த்தை ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். கரன்ட் போய் வரும் நேரத்தில் ஹெட்போன் தலையில் இருக்க வேண்டாம், சில ஆம்ப்கள் 'டொப்' என்று அடிக்கும்.

இதற்கெல்லாம் பிறகுதான் ஈக்வலைசர், அதாவது ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டவோ குறைக்கவோ உதவும் மென்பொருள். உட்காரும் விதம் சரியாவதற்கு முன்னால் ஈக்வலைசரைத் தொட்டால், கசிகிற பேஸை ஸ்லைடரால் ஈடுகட்டிக்கொண்டிருப்பீர்கள். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம், ஆண்ட்ராய்டில் வேவ்லெட் செயலியில் ஆயிரக்கணக்கான மாடல்களுக்கு ஆட்டோஈக்யூ என்ற இலவசத் தொகுப்பின் ஈக்வலைசர் அளவுகள் தயாராகவே இருக்கின்றன. ஐபோனில் எல்லா செயலிக்கும் பொதுவாக இப்படிச் செய்ய வழியில்லை, குடெலிக்ஸ் 5கே மாதிரி உள்ளேயே ஈக்வலைசர் உள்ள டேக் (DAC, டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கு ஏற்றதாக மாற்றும் கருவி) வாங்கினால் வேலை முடியும். அந்தத் தயார் அளவுகள் பெரும்பாலும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழு 2013-லிருந்து வெளியிட்ட ஆய்வுகளை ஒட்டியவை. பலருக்குப் பிடித்ததன் சராசரி அது. அந்த ஆய்வுகளிலேயே கூடுதல் பேஸ் கேட்டவர்களும் உண்டு, குறைத்துக் கேட்டவர்களும் உண்டு. அதனால் அதைப் போட்டுவிட்டு அங்கிருந்து உங்கள் காதுக்கு நகருங்கள்.

எந்த இடத்தைக் கூட்டினாலும், ஈக்வலைசரில் ப்ரீஆம்ப் என்று இருக்கும் மொத்த ஒலியளவை அதே அளவு குறைக்க வேண்டும். 5 டெசிபெல் பேஸ் கூட்டினால் ப்ரீஆம்ப் மைனஸ் 5. இல்லாவிட்டால் உரத்த இடங்களில் ஒலி சிதையும், நீங்கள் ஹெட்போனைக் குறை சொல்வீர்கள். ஈக்வலைசர் போட்டதையும் போடாததையும் ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் கொஞ்சம் உரக்கக் கேட்பது எதுவானாலும் காதுக்கு நன்றாகவே தோன்றும்.

பேஸில் தொடங்குங்கள். 105 ஹெர்ட்ஸில் ஒரு லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழே உள்ள ஒலிகளை மொத்தமாகத் தூக்கும் அமைப்பு), 3 டெசிபெல். ஒரு கானாவைப் போடுங்கள், தாளக் கருவிகள் தனித்தனியாகக் கேட்க வேண்டும், பாடுகிறவர் குரல் அதில் புதையக் கூடாது. புதைந்தால் ஒரு டெசிபெல் குறையுங்கள். குறைந்த சத்தத்தில் காதுக்கு பேஸ் மங்கித் தெரியும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே காட்டிவிட்டார்கள், ஆகவே இரவில் மெதுவாகக் கேட்பவர்கள் இன்னும் 2 டெசிபெல் கூட்டி அதைத் தனி அளவாகச் சேமித்துக்கொள்ளலாம்.

ட்ரெபிளில், அதாவது மேல் ஒலிகளில்தான், பொறுமை வேண்டும். களைப்பு வருவது இங்கிருந்துதான், அரை மணி நேரத்தில் காதைப் பிடுங்கிப் போடலாம் போலிருந்தால் 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரை எங்கோ ஒரு கூர் இருக்கிறது. பேயர்டைனமிக்கின் ஓப்பன் பேக் டிடி 990 ப்ரோவில் அது 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பிரசித்தம். ஆனால் ஒவ்வொருவர் காதின் வடிவமும் வேறு என்பதால் இந்தப் பகுதியில் அடுத்தவர் அளவை நம்ப முடியாது. 5 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10 வரை மெதுவாக ஏறும் ஒலியைத் தாழ்ந்த சத்தத்தில் ஓட விடுங்கள், எந்த இடத்தில் ஊசி குத்துவது போல் துருத்துகிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, க்யூ (வெட்டு எவ்வளவு குறுகலாக இருக்க வேண்டும் என்பதன் எண்) 3 வைத்து அங்கே மட்டும் 3 டெசிபெல் வெட்டுங்கள். பிறகு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெண் குரல் பாட்டில் 'ச', 'ஸ' வரும் வரிகளைக் கேளுங்கள். சீறல் அடங்கி, அதே நேரம் தம்புராவின் மினுக்கம் மிச்சம் இருந்தால் சரியான இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள், மினுக்கமும் போய்விட்டால் ஒரு டெசிபெல் திருப்பிக் கொடுங்கள். நாதஸ்வரம் ஒரு கடுமையான பரீட்சை. அது உரக்கவும் கூர்மையாகவும்தான் இருக்க வேண்டும், அதையே மழுங்கடித்துவிட்டால் வெட்டு அதிகம்.

ஒரு மாற்றம் செய்தால் இரண்டு மூன்று நாள் அதிலேயே கேளுங்கள், ஒரே இரவில் பத்து ஸ்லைடரை நகர்த்தினால் எது எதைச் செய்தது என்றே தெரியாது. எண்பதுகளின் ஒலிப்பதிவுகள் பல மெலிந்து, மேல் ஒலி தூக்கலாகத்தான் இருக்கும், அதற்கேற்ப ஹெட்போனை வளைத்தால் புதிய பாட்டெல்லாம் மந்தமாகிவிடும், பழைய பாட்டுக்கென்று தனி அளவு வைத்துக்கொள்ளுங்கள். குஷன் அமுங்கினாலும் புதுசு மாற்றினாலும் காதுக்கும் டிரைவருக்கும் (உள்ளே ஒலி எழுப்பும் பாகம்) உள்ள தூரம் மாறும். அப்போது சேமித்த அளவை அப்படியே நம்பாமல், 40 ஹெர்ட்ஸ் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.