இதயச்சரக் கொடியை வீட்டுக்குள் வளர்க்கும் முறை

ஸ்ட்ரிங் ஆஃப் ஹார்ட்ஸ் என்ற பெயரில் நர்சரிகளில் கிடைக்கும் செரோபீஜியா உடியை எங்கள் வீட்டில் இதயச்சரம் என்றே அழைக்கிறோம். 1881-இல் ஜான் மெட்லி உட் என்ற தாவரவியலாளர் இதை தென்னாப்பிரிக்காவில் உள்ள நம் நேட்டால் பகுதியிலேயே, பாறைகளிலிருந்து தொங்கிய நிலையில் கண்டார். அடுத்த ஆண்டு அவர் டர்பன் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளரானார். பாறையில் தொங்கிய செடி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லும் படிகளின் காரணம் தானே விளங்கும்.

படி 1: கள்ளிச்செடிக்கான மண்கலவையில் பாதியளவு பெர்லைட் (நீர் வடிய உதவும் வெண்ணிற எரிமலைக் கல்துகள்) கலந்து, அடியில் துளையுள்ள ஆழமில்லாத தொட்டியில் நடுங்கள். என் விருப்பம் சுட்ட மண்தொட்டிதான். பிளாஸ்டிக் தொட்டியில் ஈரம் நெடுநாள் தங்கிவிடுகிறது.

படி 2: தொட்டியை மாட்டும் இடம். நான் தவறியது இங்கேதான். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டின் கூடத்தில், கூரைக் கொக்கியில், ஜன்னலின் மேல்விளிம்புக்கும் மேலே மாட்டியிருந்தேன். தொங்கிய இலைகளுக்கு வெளிச்சம் கிடைத்தது, தொட்டியின் தலைப்பகுதியோ இருட்டில் இருந்தது. சில மாதங்களில் உச்சி வழுக்கையாகி, இலைகள் விரலளவு இடைவெளி விட்டு முளைத்தன. வாசலில் கறிவேப்பிலைக்கு ஊற்றிய கையோடு அத்தை இதற்கும் தினம் ஒரு குவளை ஊற்றிவந்தார். வெளிச்சம் படாத மண் காயாததால் கிழங்குகள் அழுகிக் கூழாயின. மண்ணின் மேற்பரப்பில் நேரடியாக வெளிச்சம் விழும் உயரத்துக்குத் தொட்டியை இறக்கியபின், புதிதாக நட்ட கொடி உச்சியிலிருந்தே அடர்ந்து வளர்ந்தது. வட அரைக்கோளத்தார் எழுதும் குறிப்புகள் தெற்கு ஜன்னலைப் பரிந்துரைக்கும். நமக்கு வெயில் வருவது வடக்கிலிருந்து என்பதால் வடக்கு அல்லது கிழக்கு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள்.

படி 3: நாள் கணக்கு வைத்து நீர் ஊற்றாதீர்கள். முதிர்ந்த இலை ஒன்றை இரு விரல்களுக்கிடையில் மெல்ல மடித்துப் பாருங்கள். விறைப்பாக எதிர்த்தால் கிழங்கில் நீர் இருக்கிறது. துணிபோல் மடிந்து, மண்ணும் காய்ந்திருந்தால், அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றுங்கள். மண் ஈரமாக இருந்தும் இலை துவண்டால், அது அழுகலின் அறிகுறி.

படி 4: கணுக்களில் மிளகளவில் தோன்றும் கிழங்குமணிகளைக் கொடியோடு சுற்றி, மண்மேல் வைத்து, கொண்டை ஊசியால் அழுத்தி நிறுத்துங்கள். புதைக்க வேண்டாம், தொட்டு நின்றாலே வேர் இறங்கும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்து வளர்த்த ஒருவர், கொடியில் ஏதோ நோய் கண்டுவிட்டதென்று வெளிர் ஊதா நிறக் குமிழ்களைக் கிள்ளி எறிந்ததாகச் சொன்னார். அவை பூக்கள். குமிழ்போன்ற அடியும், குழலும், நுனியில் கூடி நிற்கும் கருமையான இதழ்களும் சிறு ஈக்களை உள்ளே இழுத்துச் சிறிது காலம் சிறைவைத்து, மகரந்தத்தோடு வெளியே விடுகின்றன. இன்னொருவர் குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுவிட்டதாக வருந்தினார். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொடி ஓய்வெடுக்கும் காலம், அப்போது நீரை மேலும் குறைத்து, உரத்தை முற்றிலும் நிறுத்திவிடுங்கள்.