டிரேட்மார்க் பதிவு: விண்ணப்பிக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

தொழில் தொடங்குகிறோம், பெயர் வைக்கிறோம், நிறுவனமாகப் பதிவு செய்கிறோம், அதே பெயரில் இணைய முகவரியும் வாங்கிவிடுகிறோம். இனி இந்தப் பெயர் நமக்குத்தான் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். முதல் தவறு இதுதான். நிறுவனப் பதிவும் இணைய முகவரியும் டிரேட்மார்க் ஆகாது. டிரேட்மார்க் என்பது உங்கள் பொருளையோ சேவையையோ அடையாளம் காட்டும் பெயர், லோகோ போன்ற வணிகக் குறி. மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடுகள். ஒன்றில் இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக மற்றதிலும் கிடைத்துவிடாது.

ஆனால் இதைவிடப் பெரிய தவறு பெயரைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கிறது. விற்பது என்ன என்பதைப் பெயரே சொல்லிவிட வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். சோப்புக்கு 'தூய சோப்பு', கூரியர் சேவைக்கு 'விரைவு அஞ்சல்' என்பது போல. வாடிக்கையாளருக்கு உடனே புரியும், உண்மைதான். ஆனால் 'தூய' என்ற சொல் எல்லா சோப்புக்காரருக்கும் தேவைப்படும் சொல். அதை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்க எந்தப் பதிவு அலுவலகமும் எளிதில் சம்மதிக்காது. போராடிப் பதிவு வாங்கினாலும், பக்கத்தில் ஒருவர் 'தூய்மை சோப்பு' என்று தொடங்கினால் தடுப்பது கடினம். வலுவான பெயர் என்பது பொருளோடு சம்பந்தமே இல்லாத பெயர். 'ஆப்பிள்' என்ற பெயரைப் பழ வியாபாரி பழத்துக்குப் பதிவு செய்ய முடியாது, கணினிக்கு வைத்தால் அது அசைக்க முடியாத பெயர். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் கேமராவுக்கு வைத்த 'கோடாக்' எந்த மொழியிலும் அர்த்தமில்லாமல் அவரே உண்டாக்கிய சொல். அப்படி ஒரு பெயரை மக்கள் மனதில் பதிய வைக்கக் கொஞ்சம் காலம் பிடிக்கும். பதிந்துவிட்டால் அது உங்களுக்கு மட்டுமே சொந்தம். பெயர் வைக்கும்போதே இந்தக் கஷ்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

சரி, பெயர் முடிவாகிவிட்டது. அடுத்து தேடல். பலர் அதே எழுத்துகளைத் தட்டிப் பார்த்து, எதுவும் வரவில்லை என்றதும் பேனர் அடிக்கப் போய்விடுகிறார்கள். பதிவு அலுவலக அதிகாரி பார்ப்பது எழுத்தை மட்டுமல்ல. உச்சரித்தால் ஒன்றுபோல ஒலிக்கிறதா, பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறதா, பொருள் ஒன்றா என்றெல்லாம் பார்ப்பார்கள். நீங்களும் எழுத்தை மாற்றி மாற்றித் தேடுங்கள். அந்தந்த நாட்டுப் பதிவேட்டோடு, உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பிராண்ட் தரவுத்தளத்திலும் இலவசமாகத் தேடலாம்.

வகுப்பு விஷயத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 1957இல் உருவான நீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின்படி பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 1 முதல் 34 வரை பொருள்கள், மீதி 11 சேவைகள். ஆடை 25ஆம் வகுப்பு, ஆடை விற்கும் கடை நடத்துவது 35. பதிவிறக்கும் மென்பொருள் 9, அதையே இணையம் வழியாகச் சேவையாகக் கொடுத்தால் 42. தவறான வகுப்பில் வாங்கிய பதிவு பூட்டிய வீட்டின் பக்கத்து வீட்டுச் சாவி மாதிரி. அதற்காக எதற்கும் இருக்கட்டும் என்று பத்து வகுப்பில் போடவும் வேண்டாம். கட்டணம் வீணாகும் என்பது ஒரு பக்கம். தொடர்ந்து பயன்படுத்தாத பதிவை ரத்து செய்யச் சொல்லி மற்றவர்கள் கேட்கலாம். பல நாடுகளில் அதற்கான காலம் 3 அல்லது 5 ஆண்டுகள்.

லோகோவை மட்டும் பதிவு செய்வதும் நல்லதல்ல. சில ஆண்டுகளில் லோகோவை மாற்றுவீர்கள், பெயரை மாற்ற மாட்டீர்கள். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் பெயரை வெறும் எழுத்தாகப் பதிவு செய்யுங்கள். அப்புறம், லோகோவை வெளியாள் வரைந்து கொடுத்திருந்தால், பணம் கொடுத்துவிட்டோம் என்று சும்மா இருக்காதீர்கள். பல நாடுகளில், எழுத்து மூலமாக மாற்றித் தராதவரை பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும்.

விண்ணப்பம் யார் பெயரில் போகிறது என்பதையும் நிதானமாக யோசியுங்கள். அவசரத்தில் கூட்டாளி ஒருவரின் சொந்தப் பெயரில் போட்டுவிட்டால், பிரியும் நாளில் பிராண்டும் அவரோடு போய்விடக்கூடும்.

டிரேட்மார்க் உரிமை பதிவு செய்த நாட்டோடு நின்றுவிடும். சீனா போன்ற நாடுகளில் முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. சரக்கை அங்கே அனுப்பிவிட்டு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அதற்குள் வேறொருவர் உங்கள் பெயரைப் போட்டிருக்கலாம். பாரிஸ் உடன்படிக்கையின்படி, உள்நாட்டில் விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் பிற உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்தால் உள்நாட்டில் விண்ணப்பித்த தேதியே அங்கும் கிடைக்கும். மாட்ரிட் முறை என்ற சர்வதேசப் பதிவு ஏற்பாட்டில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடலாம். ஆனால் முதல் 5 ஆண்டுகளுக்குள் உள்நாட்டுப் பதிவு விழுந்தால், அதை நம்பி வாங்கிய சர்வதேசப் பதிவும் விழும்.

பதிவு கைக்கு வருமுன், பதிவாகிவிட்டது என்று காட்டும், வட்டத்துக்குள் 'ஆர்' போடும் குறியைப் பயன்படுத்தாதீர்கள். பல நாடுகளில் அது குற்றம். அதுவரை டிரேட்மார்க் என்பதன் சுருக்கமான 'டிஎம்' போதும்.

கடைசியாக முகவரி. பெரும்பாலான நாடுகளில் பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அலுவலகத்தின் ஆட்சேபக் கடிதமும் போட்டியாளரின் எதிர்ப்பும் பதிவேட்டில் உள்ள முகவரிக்கே வரும், பதில் சொல்லக் கெடு உண்டு. நீங்கள் இடம் மாறியதும் அதைத் திருத்தாவிட்டால், கடிதம் பழைய வாசலிலேயே கிடக்கும், கெடுவும் ஓடிவிடும்.