டிரைவரிலும் லாங் அயர்னிலும் குறி தப்ப வைக்கும் தவறுகள்

கோல்ஃப் பழக ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆனவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். குறைந்த தூரத்துக்கான கிளப்புகளான (மட்டைகள்) பிட்சிங் வெட்ஜிலும் 9-ஆம் எண் அயர்னிலும் பந்து ஓரளவு நேராகத்தான் போகும். டிரைவரை, அதாவது அதிக தூரம் அடிப்பதற்கான நீளமான கிளப்பை, கையில் எடுத்தால் அதே ஆள், அதே ஸ்விங், ஆனால் பந்து வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். "டிரைவர் எனக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பார்க்கப்போனால் அந்தக் கோணல் வெட்ஜிலும் இருக்கிறது. அங்கே அது வெளியே தெரிவதில்லை.

காரணம் லாஃப்ட், அதாவது கிளப் முகப்பின் சாய்வு. வெட்ஜின் முகப்பு 45 டிகிரியை ஒட்டிச் சாய்ந்திருப்பதால் பந்து பின்பக்கமாக வேகமாகச் சுழலும். முகப்பு கொஞ்சம் திறந்திருந்தாலும் (வலப்பக்கம் பார்த்தாலும்) அந்தப் பின்சுழற்சி கோணலை அமுக்கிவிடும். டிரைவரின் லாஃப்ட் பெரும்பாலும் 9 முதல் 12 டிகிரிதான். லாங் அயர்ன் எனப்படும் 3, 4 எண் அயர்ன்களில் 20 டிகிரிக்குக் கொஞ்சம் முன்பின். பின்சுழற்சி குறையக் குறைய, அதே அளவு முகப்புக் கோணல் சுழற்சியின் அச்சை அதிகமாகச் சாய்க்கும். பந்தும் அதிகமாக வளையும். தூரமும் சேர்ந்துகொள்கிறது. 200 கஜம் போகும் பந்து 3 டிகிரி விலகிக் கிளம்பினாலே சுமார் 10 கஜம் தள்ளி விழும். வளைவு இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஆகவே டிரைவருக்கென்று தனி ஸ்விங் தேடி அலைய வேண்டாம். பந்து வளைவதைப் பார்த்ததும் நம் உடம்பு தானாக ஒரு பதில் கொடுக்கிறதே, அந்தப் பதில்தான் பெரும்பாலும் அடுத்த தவறு. (இனி வருவதெல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு. இடக்கைக்காரர்கள் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளவும்.)

வலப்பக்கம் வளைகிறதே என்று இடப்பக்கம் திரும்பி நிற்பது

எல்லாரும் முதலில் செய்வது இதைத்தான், அதிகக் கெடுதல் செய்வதும் இதுதான். பாதங்களும் தோள்களும் இடப்பக்கம் திரும்பினால் கிளப் தோள்கள் காட்டும் வழியிலேயே போகும். அதாவது வெளியிலிருந்து உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முகப்பு மட்டும் இலக்கை விட்டு மாறியிருக்காது. முகப்புக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளி கூடும், வளைவும் கூடும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்புவோம். இப்படியே போனால் ஸ்லைஸ் எனப்படும் இந்த வலப்பக்க வளைவு நிரந்தரக் குடியாகிவிடும்.

இதிலிருந்து வெளியே வர, பந்து போகும் விதத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். கிளப் போகும் பாதையில்தான் பந்து கிளம்பும், முகப்பு பார்த்த இடத்தில் போய் முடியும் என்று பல காலம் சொல்லிக்கொடுத்தார்கள். 2000-களில் ரேடார் அளவீட்டுக் கருவிகள் வந்த பிறகு அது தலைகீழ் என்று உறுதியானது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முகப்புதான் தீர்மானிக்கிறது: டிரைவரில் சுமார் 80 சதவீதத்துக்கும் மேல், அயர்னில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. முகப்புக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம் வளைவைத் தருகிறது.

இதை வைத்து உங்கள் அடியைப் பாருங்கள். பந்து வலப்பக்கமே கிளம்பி, மேலும் வலப்பக்கம் வளைகிறதா? முகப்பு இலக்கைவிடத் திறந்திருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது கிரிப்பை, அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதத்தை. இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் திரும்புகிறதா? முகப்பு இடப்பக்கம் பார்க்கிறது, பாதை அதைவிட அதிகமாக இடப்பக்கம் போகிறது. இங்கே பார்க்க வேண்டியது தோள்களையும் பந்து இருக்கும் இடத்தையும். ஸ்லைஸ் என்று இரண்டையும் ஒரே பெயரில் அழைத்து ஒரே மருந்து கொடுப்பதால்தான் பலருக்குக் குணமாவதில்லை.

நிற்கும் திசையில் சின்னதாக இன்னொரு குழப்பமும் உண்டு. பாதங்களை நேராக இலக்கை நோக்கி வைக்கிறார்கள். இலக்கை நோக்க வேண்டியது முகப்பு மட்டுமே. பாதங்கள், இடுப்பு, தோள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு இணையாக, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி ஓடும் இன்னொரு கோட்டில் இருக்க வேண்டும். 200 கஜத்துக்கு அப்பால் உள்ள கொடியைப் பார்த்து முகப்பை நிறுத்துவது கடினம். பந்துக்குப் பின்னால் நின்று, இலக்குக் கோட்டிலேயே ஒரு மீட்டர் முன்னால் கிடக்கும் சருகையோ புல் பெயர்ந்த தடத்தையோ குறித்துக்கொண்டு, முகப்பை அதற்கு நேராக வைத்துவிட்டுப் பிறகு பாதங்களை வைப்பது சுலபம்.

கிரிப்பைத் தொடாமல் மற்றதையெல்லாம் மாற்றுவது

கிரிப் மாற்றினால் கை அந்நியமாகத் தோன்றும். அந்த அசௌகரியத்துக்குப் பயந்து ஸ்விங்கையே தலைகீழாக மாற்றத் தயாராக இருப்பவர்கள் நிறைய. இடக்கையைப் பிடித்துவிட்டுக் குனிந்து பாருங்கள்: இரண்டிலிருந்து மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழும் மடிப்பு வலது தோளை நோக்க வேண்டும். ஒரு முட்டிதான் தெரிகிறது, மடிப்பு முகவாயைப் பார்க்கிறது என்றால், பந்தைத் தொடும் நேரத்தில் முகப்பு மூடாமல் திறந்தே வர வாய்ப்பு அதிகம். கிளப் உள்ளங்கையின் நடுவில் இல்லாமல் விரல்களின் அடிப்பகுதியில் படிந்திருக்க வேண்டும்.

இறுக்கிப் பிடிப்பதும் இதே வேலையைத்தான் செய்யும். முன்கை விறைத்தால் மணிக்கட்டு சுழலாது. டிரைவர் என்றதும் பிடி இறுகுவது இயல்புதான். அடிக்குமுன் கிளப் தலையை இரண்டு முறை லேசாக ஆட்டிப் பார்த்தால் தளர்ந்துவிடும்.

கிரிப் மாற்றிய முதல் நாட்களில் பந்து இடப்பக்கம் போகத் தொடங்கும். உடனே பழைய பிடிக்கு ஓடிவிடாதீர்கள். முகப்பு மூடக் கற்றுக்கொண்டுவிட்டது, பாதை இன்னும் பழையபடி வெட்டிக்கொண்டு வருகிறது என்பதற்கு அடையாளம் அது. பந்து இடப்பக்கம் போவதைக் கண்டதும் உடம்பு மெல்ல வலப்பக்கமாக வீசப் பழகும்.

எல்லாக் கிளப்புக்கும் பந்தை ஒரே இடத்தில் வைப்பது

டிரைவரில் பந்து இடது குதிகாலின் உள்பக்கத்துக்கு நேரே இருக்க வேண்டும். பந்தைத் தாங்கும் டீ என்ற சிறு குச்சியின் உயரம், டிரைவரைத் தரையில் வைத்தால் பாதிப் பந்து அதன் தலைக்கு மேல் தெரியும் அளவு. கிளப் தன் வளைவின் அடிப்புள்ளியைத் தாண்டி லேசாக மேலேறும்போது பந்தைத் தொட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பந்து வானத்துக்குப் போய்விடுமோ என்று பயந்து டீயைத் தாழ்த்துபவர்கள் கோடாலி போல மேலிருந்து வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

லாங் அயர்னில் பந்து அதைவிட ஒன்று இரண்டு பந்து அகலம் உள்ளே. இங்கே கிளப் இறங்கும்போது பந்தைத் தொட்டு, பிறகுதான் புல்லைச் சீவ வேண்டும்.

பந்து தேவைக்கு மேல் முன்னால் போனால் திசையும் கெடும். கிளப்பில் வலக்கை இடக்கைக்குக் கீழே இருப்பதால், தூரத்தில் உள்ள பந்தை எட்டிப் பிடிக்கும்போது வலது தோள் முன்னால் வந்துவிடும். பாதங்கள் ஒழுங்காக இருக்கும். தோள்கள் மட்டும் இடப்பக்கம் திறந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத தவறு இது. நின்ற நிலையிலேயே கிளப்பைத் தூக்கி இரண்டு தோள்களையும் தொடும்படி மார்பின் குறுக்கே வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். கிளப் இலக்குக் கோட்டுக்கு இணையாக இல்லாமல் இடப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும்.

லாங் அயர்னில் பந்தைத் தூக்கிவிட முயல்வது

முகப்பு நிமிர்ந்து தெரிவதால், "இது பந்தைத் தூக்காது, நாம்தான் தூக்க வேண்டும்" என்று மனம் சொல்லும். உடனே எடை வலது காலிலேயே தங்கிவிடும், மணிக்கட்டு முன்னதாகவே உதறிவிடும். கிளப் பந்துக்குப் பின்னால் தரையில் இடிக்கும், அல்லது மேலேறும்போது பந்தின் நெற்றியில் படும். முடிக்கும்போது எடை முழுவதும் இடது காலில் இருக்கிறதா, வலது குதிகால் தரையை விட்டு எழும்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றது பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: 3, 4 எண் அயர்ன்களைத் தொடக்கக்காரர் பையில் வைத்திருக்கவே தேவையில்லை. 1972 யு.எஸ். ஓப்பனில், பெபிள் பீச் மைதானத்தின் 17-ஆவது குழியில் அமெரிக்க ஆட்டக்காரர் ஜாக் நிக்லாஸ் 1-ஆம் எண் அயர்னால் அடித்த பந்து கொடிக்கம்பிலேயே பட்டது, அதை இன்றும் பேசுகிறார்கள். அந்த 1-ஆம் எண் அயர்ன் இன்றைய செட்டுகளில் இல்லவே இல்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களே பலர் லாங் அயர்னுக்குப் பதில் ஹைபிரிட்டோ (அயர்னும் வுட்டும் கலந்த கிளப்) 7-ஆம் எண் வுட்டோ (பருத்த தலையுள்ள கிளப்) வைத்திருக்கிறார்கள். பையில் 14 கிளப்புக்கு மேல் கூடாது என்றுதான் விதி. எவை என்பது உங்கள் விருப்பம். ஹைபிரிட்டின் எடை தாழ்வாகவும் பின்தள்ளியும் இருப்பதால் பந்து எளிதாக எழும்பும், நடுவில் படாத அடியும் அவ்வளவாகக் கெடாது.

முகப்பில் எங்கே படுகிறது என்று பார்க்காமலே ஸ்விங்கைக் குறை சொல்வது

டிரைவரின் முகப்பு தட்டையானதல்ல, லேசாக வெளிப்பக்கம் புடைத்திருக்கும். ஹீல் எனப்படும், ஷாஃப்டை (கிளப்பின் தண்டு) ஒட்டிய ஓரத்தில் பந்து பட்டால் கிளப்பின் தலை ஒரு பக்கம் திருகும், பந்து எதிர்ப்பக்கம் சுழன்று வலப்பக்கம் வளையும். டோ எனப்படும் மறு ஓரத்தில் பட்டால் இடப்பக்கம். பாதையும் முகப்பும் சரியாக இருந்தும் ஹீலில் பட்டதால் மட்டும் ஸ்லைஸ் ஆகும் அடிகள் உண்டு. காலுக்குப் போடும் பவுடர் ஸ்பிரேயை முகப்பில் மெல்லிசாக அடித்துவிட்டு ஐந்தாறு பந்து அடித்தால் தடம் பளிச்சென்று தெரியும். தடங்கள் ஒரே பக்கம் குவிந்திருந்தால், பந்திலிருந்து நிற்கும் தூரத்தை முதலில் மாற்றிப் பாருங்கள். நாலாபுறமும் சிதறியிருந்தால் வேகம் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள்.

அப்படிச் சிதறுகிறவர்களுக்குப் பலனுள்ள முதல் மாற்றம் கைப்பிடியில் ஒரு அங்குலம் இறக்கிப் பிடிப்பது. கடையில் கிடைக்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 45 அங்குலத்துக்கு மேல். தொழில்முறைப் போட்டிகளில் 46 அங்குலத்துக்கு மேல் தடுக்க 2022 முதல் விதியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நீளம் குறைந்தால் நடுவில் படும் வாய்ப்பு கூடும். ஓரத்தில் பட்ட வேகமான அடியைவிட நடுவில் பட்ட நிதானமான அடி அநேகமாக அதிக தூரமும் போகும்.

லாஃப்ட்டில் வீம்பு வேண்டாம். 9 டிகிரி டிரைவர் தேர்ந்தவர் என்ற தோற்றத்தைத் தரும், அவ்வளவுதான், தொடக்கக்காரருக்கு 10.5 முதல் 12 டிகிரிதான் பொருத்தம். லாஃப்ட்டை மாற்றும் வசதியுள்ள டிரைவர் என்றால், லாஃப்ட்டைக் கூட்டும்போது முகப்பும் கொஞ்சம் மூடிக்கொள்ளும். ஸ்லைஸ் அடிப்பவருக்கு இரட்டை லாபம்.

"தலையை ஆட்டாதே" என்ற அறிவுரையை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். பந்து போன பிறகும் தலையைப் பூட்டி வைத்தால் உடம்பு திரும்ப இடமிருக்காது, கைகள் மட்டும் வீசும்.

ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) ஒரே கிளப், ஒரே திசை

ரப்பர் பாயில் பந்துக்குப் பின்னால் இடித்தாலும் கிளப் சறுக்கிப் போய்ப் பந்தைத் தொட்டுவிடும், அடி நன்றாகவே தெரியும். லாங் அயர்னை முடிந்தவரை புல்லில் பழகுங்கள். டிரைவரைத் தொடர்ந்து அடித்துக்கொண்டே இருப்பதைவிட, தூரத்தில் இரண்டு அடையாளங்களைப் பார்த்து 30 கஜ அகல ஃபேர்வே (குழியை நோக்கிய, புல் வெட்டிய பாதை) ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு, டிரைவர், அயர்ன், மறுபடி டிரைவர் என்று மாற்றி மாற்றி அடித்தால் மைதானத்துக்கு நெருக்கமான பயிற்சி கிடைக்கும்.

மைதானத்தில் ஸ்லைஸ் இன்னும் முழுதாகப் போகவில்லை என்றால், முதல் அடி அடிக்கும் இடமான டீயிங் ஏரியாவின் வலது ஓரத்தில் பந்தை வையுங்கள். அங்கிருந்து ஃபேர்வேயின் இடது பாதியைக் குறிவைத்து, முகப்பு, பாதம், தோள் எல்லாவற்றையும் அந்தக் கோட்டுக்கே ஒழுங்கு செய்துகொண்டால், வலப்பக்கம் வளைய முழு அகலமும் கிடைக்கும். அடையாளக் குறிகளுக்கு இடையில், அவற்றுக்குப் பின்னால் இரண்டு கிளப் நீளம் வரை எங்கே வேண்டுமானாலும் பந்தை வைக்க விதி அனுமதிக்கிறது. பந்துதான் உள்ளே இருக்க வேண்டும். நீங்கள் வெளியே நிற்கலாம்.