உந்துருளியில் கமராவோடு பயணிப்போர் கவனத்துக்கு

தாயகம் வந்து, உறவினர் ஒருவரின் உந்துருளியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று படம் எடுக்க விரும்புவோர் பெரும்பாலும் மழையையும் களவையும் எண்ணியே கவலைப்படுகிறார்கள். அவ்விரண்டையும்விடக் கூடுதலான சேதத்தைச் சத்தமின்றிச் செய்வது அதிர்வு என்பதே என் அனுபவம். யாழ்ப்பாணத்திலிருந்து பரந்தன் வழியாக முல்லைத்தீவுக்கு 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் இருக்கிறது. ஒருமுறை கமராப் பையை இருக்கையின் பின்னாலுள்ள கம்பியில் கட்டியபடி அங்கு போய், வழியில் கிறவல் ஒழுங்கைகள் பலவற்றிலும் இறங்கி ஏறினேன். மாலையில் லென்ஸைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் அடிவளையத்தைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளில் இரண்டு, நகத்தால் தொட்டாலே சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தன.

அதிர்வு திருகாணிகளை மட்டுமல்ல, உள்ளே இருக்கும் நுட்பமான பகுதிகளையும் பாதிக்கும். இன்றைய கமராக்கள் பலவற்றில் கை நடுக்கத்தைச் சமன்செய்வதற்காக, படத்தைப் பதியும் ஒளியுணரியோ லென்ஸினுள் இருக்கும் ஒரு கண்ணாடியோ காந்த விசையால் மிதக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. கமராவை நிறுத்திய பின்னர் அப்பகுதி பல கமரா வகைகளில் இறுகப் பிடிக்கப்படாமல் தொங்கிநிற்பதால், இயந்திரத்தின் நடுக்கம் மணிக்கணக்காக அதைத் தட்டிக்கொண்டே இருக்கும். கைப்பேசிக் கமராவுக்கும் இதே ஆபத்து உண்டு. உந்துருளி இயந்திரத்தின் கடும் அதிர்வு ஐபோன் கமராக்களைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டெம்பரில் எச்சரித்தது. ஆகவே வழிகாட்டும் வரைபடத்துக்காகக் கைப்பேசியைக் கைபிடியில் பூட்ட வேண்டியிருந்தால், அதிர்வை உறிஞ்சும் தாங்கியையே பயன்படுத்துங்கள்.

பொருள்களை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். பின்சில்லுக்கு மேலுள்ள பெட்டி வசதியானதுதான். ஆனால் வண்டியில் மிகக் கூடுதலாகக் குலுங்கும் இடமும் அதுவே. ஸ்கூட்டரின் இருக்கைக்குக் கீழுள்ள அறை இயந்திரத்துக்கு அருகில் இருப்பதால் வெயில் நேரத்தில் அடுப்பைப்போலச் சூடேறிவிடும். முதுகுப்பையில் சுமப்பதே கருவிக்கு நல்லது, ஏனெனில் நம் உடல் அதிர்வின் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்கிறது. விழ நேர்ந்தால் முள்ளந்தண்டை நோகச் செய்யும் என்பதால், முக்காலி போன்ற கடினமான பொருள்களை மட்டும் அதில் வைக்காமல் வண்டியில் கட்டுங்கள். கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வண்டி ஓடுவதை, எவ்வளவு குறுகிய தூரமானாலும், தயவுசெய்து தவிருங்கள். விழும்போது அது நெஞ்சில் கல்லாக இடிக்கும்.

பையினுள் கமராவையும் லென்ஸையும் வேறாகக் கழற்றி, இரண்டுக்கும் மூடியிட்டு, தடித்த பஞ்சுத் தடுப்புகளுக்கு இடையில் அசையாதபடி வையுங்கள். பொருத்தியபடியே வைத்தால் கனமான லென்ஸ் ஒவ்வொரு குழியிலும் இணைப்பு வளையத்தை நெம்பும். தடுப்பு போதாவிட்டால் ஒரு சாரத்தையோ துவாயையோ மடித்துச் செருகினாலே போதும். உதிரிப் பற்றரிகளின் முனைகளை மூடுங்கள். திறப்புக்கோவையுடன் சேர்ந்து குலுங்கினால் அவை மின்குறுக்காகித் தீப்பற்றக்கூடும். வரும்போதும் திரும்பும்போதும் உதிரிப் பற்றரிகளை விமானத்தில் கைப்பொதியில் மட்டுமே கொண்டுசெல்ல வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடக்கில் மழை திடீரெனக் கொட்டும் என்பதால், பையின் மழையுறையை மட்டும் நம்பாமல் உள்ளே நீர்புகாப் பை ஒன்றையும் வைத்திருங்கள். கோடை விடுமுறையில் வருவோருக்குத் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றே சோதனை. பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவுப்பகுதிக்குப் போய்வந்தாலோ மணற்காட்டு மணல்மேடுகளில் நின்று படம் எடுத்தாலோ, உப்பும் நுண்மணலும் கருவியெங்கும் படிந்துவிடும். அத்தகைய இடங்களில் லென்ஸை மாற்றாதீர்கள். வீடு திரும்பியதும் மணலை முதலில் தூரிகையால் தட்டிவிட்டு, அதன் பிறகே நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கமராவின் வெளிப்புறத்தைத் துடையுங்கள். மணலோடு துடைத்தால் கீறல் விழும். குளிரூட்டிய அறையில் தங்குவோர் காலையில் பையை மூடியபடியே வெளியே கொண்டுவந்து, அரை மணி நேரம் பொறுத்துத் திறந்தால் கண்ணாடியில் ஆவி படியாது.

இரவில் பையினுள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றைப் போட்டு, அன்றைய படங்களை வேறொரு சேமிப்பகத்துக்குப் பிரதிசெய்து, அதை அடுத்த நாள் வண்டியில் ஏற்றாமல் வீட்டிலேயே விட்டுச்செல்லுங்கள்.